பைபிளும் கம்ப்யூட்டரும்: ஒரு குமாஸ்தாவின் குறிப்பு

கம்ப்யூட்டருக்குத் தமிழில் கணினி என்று பெயர் வைத்தோம். கணக்குப் போடுவதுதான் அதன் வேலை என்ற எண்ணத்தில் வந்த பெயர். பிரெஞ்சுக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 1955இல் ஐ.பி.எம். கம்பெனியின் பிரான்ஸ் கிளை, தன் புது இயந்திரத்துக்கு நல்ல பிரெஞ்சுப் பெயர் ஒன்று சொல்லும்படி சொர்போன் பல்கலைக்கழக லத்தீன் பேராசிரியர் ழாக் பெரேயைக் கேட்டது. அவர் ஏப்ரல் 16ஆம் தேதி எழுதிய கடிதத்தில் 'ஒர்தினாத்தேர்' என்ற சொல்லைப் பரிந்துரைத்தார். ஒழுங்குபடுத்துபவர் என்று பொருள். உலகத்தை ஒழுங்குபடுத்தி வைக்கும் கடவுளுக்கு அடைமொழியாக அந்தச் சொல் லித்ரே அகராதியில் ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் அவரே எடுத்துக்காட்டினார். இன்றுவரை பிரெஞ்சில் கம்ப்யூட்டருக்கு அதுதான் பெயர்.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்து, தமிழ்நாடு அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, திருச்சியில் ஓய்வு பெற்று, ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பவன் நான். வாழ்நாளெல்லாம் காகிதத்தை ஒழுங்குபடுத்தியவன் என்பதால் இந்தப் பெயர்க் கதையில் எனக்குத் தனி ருசி உண்டு. பிறப்பால் வைணவன். ஆனால் பள்ளியில் எங்களுக்கு மொழிப் பாடம் எடுத்த பாதிரியார் பைபிள் கதைகளை வைத்துத்தான் பிரெஞ்சு இலக்கணம் சொல்லித்தந்தார். அதனால் அந்தப் புத்தகத்தோடு பழக்கம் விட்டுப்போகவில்லை. இன்று அது என் கம்ப்யூட்டரில் நான்கு மொழிகளில் பக்கம் பக்கமாகத் திறந்து நிற்கிறது. இந்த வசதி எங்கிருந்து வந்தது, இதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

சொல்லடைவு செய்தவர்கள்

அலுவலகத்தில் இண்டெக்ஸ் இல்லாத பதிவறை எப்படி இருக்கும் என்று என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். கட்டுக் கட்டாகக் கோப்பு இருக்கும், வேண்டியது மட்டும் கையில் அகப்படாது. பைபிளும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. அதில் அதிகார எண் இல்லை, வசன எண் இல்லை. ஒரு வாசகம் எங்கே வருகிறது என்று தெரிய வேண்டுமானால், முழுவதையும் மனப்பாடம் செய்த ஒருவரைத்தான் தேடிப்போக வேண்டும்.

இப்போது இருக்கும் அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. பாரிசில் பாடம் சொல்லிய ஸ்டீபன் லாங்டன் செய்தது என்பார்கள். அதே பாரிசில், சேன் ழாக் மடத்தில், யூக் த சேன் ஷேர் என்ற தொமினிக்கன் சபைத் துறவி 1230களில் தம் சகோதரத் துறவிகளைக் கூட்டி உட்காரவைத்து, லத்தீன் பைபிளுக்கு முதல் சொல்லடைவைத் தயாரித்தார். ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அது வரும் இடங்களையெல்லாம் வரிசையாகக் கொடுப்பதுதான் சொல்லடைவு. சிலர் தொடரடைவு என்றும் சொல்கிறார்கள். அப்போது வசன எண் கிடையாது. ஆகவே ஒவ்வோர் அதிகாரத்தையும் மனத்தால் ஏழாகப் பிரித்து, அவற்றுக்கு ஏழு எழுத்துகளை அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். இன்று நாம் பார்க்கும் புதிய ஏற்பாட்டு வசன எண்களை 1551இல் ரொபேர் எத்தியேன் என்ற அச்சகக்காரர் போட்டார். பாரிசிலிருந்து லியோன் போகும் வழியில் குதிரைமேல் உட்கார்ந்தபடியே அவர் எண்ணிட்டார் என்று ஒரு கதை உண்டு. சில வசனங்கள் பாதியில் வெட்டுப்பட்டு நிற்பதைப் பார்த்தால் குதிரை துள்ளியிருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

ஆங்கிலத்துக்கு 1737இல் அலெக்சாண்டர் க்ரூடன் தனி ஆளாக ஒரு சொல்லடைவு செய்தார். அதை கரோலின் அரசிக்கு அர்ப்பணித்தார். புத்தகத்தை நேரில் கொடுத்த சில நாட்களில் அரசி காலமாகிவிட்டார். சாங்ஷன் கையெழுத்தாகும் முன் மேலதிகாரி மாறிப்போன கதை நம் அலுவலகங்களில் மட்டும் நடப்பதல்ல. 1890இல் ஜேம்ஸ் ஸ்ட்ராங் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் பெரிய சொல்லடைவு வெளிவந்தது. ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கும் மூலச் சொல்லுக்கு அவர் ஓர் எண் கொடுத்தார். எபிரேயத்துக்கு 8674 வரை எண்கள், கிரேக்கத்துக்கு 5624 வரை. கோப்புக்கு நடப்பு எண் கொடுக்கிற மாதிரிதான். எபிரேயமும் கிரேக்கமும் தெரியாத சாதாரண ஆளும் மூலச் சொல்லைத் தேடிப்போக அந்த எண் வழிவிட்டது. இன்றைய பைபிள் மென்பொருள்கள் பலவும் அந்த எண்களின் மேல்தான் நிற்கின்றன.

நம் பக்கத்து முனிவர்

இந்த இடத்தில் நம் ஊர்ப் பக்கம் ஒரு நடை வந்துபோக வேண்டும். ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து, திருச்சியில் சந்தா சாகிப்பின் நட்பைப் பெற்ற வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை முடித்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகள். அதற்கு முன் நம்மிடம் நிகண்டுகள் இருந்தன. முதலெழுத்து வரிசையில் அமைந்த அகராதி நிகண்டும் இருந்தது. ஆனால் அவை செய்யுளாக, மனப்பாடம் பண்ணுவதற்காகச் செய்யப்பட்டவை. மனப்பாடம் செய்யாதவனும் விரல் வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கும்படி சொற்களை அகரவரிசையில் அடுக்கியது முனிவரின் வேலை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் எழுத்தில் நாம் இன்று காட்டும் வேறுபாட்டை ஏற்படுத்தியவரும் அவரே. அது இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் தேடும்போது 'கெடு' எது, 'கேடு' எது என்று பிரிப்பதற்குள் விடிந்துவிடும்.

ஸ்ரீரங்கத்துக்காரர்கள் இதைப் படித்துவிட்டு, எங்களுக்கு இண்டெக்ஸ் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். திருவாய்மொழி அந்தாதி. ஒரு பாசுரத்தின் முடிவு அடுத்த பாசுரத்தின் தொடக்கத்தைக் கையில் எடுத்துக் கொடுத்துவிடும். பத்து, அதற்குள் திருவாய்மொழி, அதற்குள் பாசுரம் என்று மூன்று எண் சொன்னால் இடம் தெரிந்துவிடும். மனிதனின் நினைவையே பதிவறையாகக் கட்டிய ஏற்பாடு அது. ஆனால் அந்தப் பதிவறைக்குச் சாவி வேண்டுமானால் சிறுவயதில் உட்கார்ந்து ஓத வேண்டும். அப்படி ஓதாத என் போன்றவர்களுக்குத்தான் அச்சு அகராதியும் கம்ப்யூட்டரும்.

தமிழுக்குச் சொல்லடைவு வேலை நடந்த இடங்களில் புதுச்சேரியும் ஒன்று என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அங்குள்ள பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் பழந்தமிழ் இலக்கியச் சொற்களுக்கான அடைவை 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. பிறகு ஜெர்மனியின் தாமஸ் லேமனும் தாமஸ் மால்டனும் கம்ப்யூட்டர் துணையோடு சங்க இலக்கியச் சொல்லடைவைத் தயாரித்து 1992இல் வெளியிட்டார்கள். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பணியாற்றிய பேராசிரியர் ப. பாண்டியராஜா, சங்க இலக்கியம் தொடங்கிப் பல நூல்களுக்குத் தொடரடைவு செய்து, யாரும் பார்க்கும்படி இலவசமாக வைத்தார்.

ஓர் இயேசு சபைத் துறவியின் அட்டைகள்

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். திருச்சியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இயேசு சபையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் இங்கே வந்த புனித வளனார் கல்லூரி அவர்களுடையது. கம்ப்யூட்டரை எழுத்து வேலைக்குத் திருப்பிவிட்டவர்களில் முன்னோடியும் ஓர் இயேசு சபைத் துறவிதான். இத்தாலியைச் சேர்ந்த அவர் பெயர் ரொபெர்த்தோ பூசா. 1913இல் பிறந்து 2011 வரை வாழ்ந்தவர்.

புனித தாமஸ் அக்வினாஸின் நூல்களில் 'உடனிருத்தல்' என்ற கருத்தை ஆராய அவர் புறப்பட்டார். அதற்கு நேரான லத்தீன் சொல்லைத் தேடினார். அந்தச் சொல் அவருக்குப் பெரிதாக உதவவில்லை. கருத்து ஒளிந்திருந்தது 'இன்' என்கிற சிறிய முன்னிடைச் சொல்லில். நம் ஏழாம் வேற்றுமை 'இல்' மாதிரி அது. யாரும் இண்டெக்ஸில் சேர்க்காத சொல். அது வரும் இடங்களை அட்டைகளில் கையால் எழுதினார். பத்தாயிரம் அட்டைகள் ஆயின. அக்வினாஸ் எழுதியது அத்தனைக்கும் சொல்லடைவு வேண்டுமானால் ஒரு மனித ஆயுள் போதாது என்பது அவருக்குப் புரிந்தது. 1949இல் நியூயார்க் போய் ஐ.பி.எம். தலைவர் தாமஸ் வாட்சனைப் பார்த்தார். இது எங்கள் இயந்திரத்தால் ஆகாது என்றாராம் வாட்சன். முடியாத காரியத்தையும் சற்றே கூடுதல் நேரத்தில் முடித்துத் தருவோம் என்ற பொருளில் அந்தக் கம்பெனியே ஒட்டியிருந்த விளம்பரத் தாளைப் பூசா எடுத்துக் காட்டினாராம். உதவி கிடைத்தது.

இத்தாலியில் இளம்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, துளையட்டைகளில் ஒவ்வொரு சொல்லாகக் குத்த வைத்தார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்ட சொற்கள். முப்பது ஆண்டுக்கால வேலை. 1974 முதல் 1980 வரை 56 தொகுதிகளாக அச்சாயிற்று. 1989இல் அத்தனையும் குறுந்தகட்டில் அடங்கியது. அந்தப் பெண்களில் பெரும்பாலானோர் பெயர் வரலாற்றில் வெளியே தெரியவில்லை. தட்டச்சு செய்தவர் பெயர் உத்தரவில் இருக்காது, கோடு போட்டு இனிஷியல் மட்டும்தான் இருக்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

அதே காலத்தில் அமெரிக்காவில் ஜான் எல்லிசன் என்ற போதகர், அப்போது புதிதாக வந்திருந்த ஆங்கில பைபிள் மொழிபெயர்ப்பு முழுவதையும் யூனிவாக் கம்ப்யூட்டரின் காந்த நாடாவில் ஏற்றினார். அதிலிருந்து தயாரான சொல்லடைவு 1957இல் புத்தகமாக வந்தது. இடத்தை மிச்சம் பிடிக்க, அடிக்கடி வரும் சின்னச் சொற்களை அதில் விட்டுவிட்டார்கள். பூசா தேடியது மாதிரியான சொற்களை!

எண்பதுகளில் வீட்டுக் கம்ப்யூட்டர் வந்ததும் இந்த வித்தை வீட்டுக்குள் வந்தது. 1987இல் 'ஆன்லைன் பைபிள்', 1992இல் 'பைபிள் ஒர்க்ஸ்', அதே சமயத்தில் 'லோகோஸ்', 2000இல் இலவசமாகக் கிடைத்த 'இ-ஸ்வோர்டு', 2008இல் செல்போனுக்கு 'யூவெர்ஷன்'. இவற்றில் பைபிள் ஒர்க்ஸ் அறிஞர்கள் மெச்சிய மென்பொருள். 2018இல் கடையை மூடிவிட்டார்கள். க்ரூடனின் புத்தகம் 280 ஆண்டுகளுக்குப் பிறகும் பிரித்தால் திறக்கிறது. குறுந்தகட்டைப் போட இப்போது கம்ப்யூட்டரில் ஓட்டையே இல்லை.

தமிழுக்கு வந்த தனிச் சங்கடங்கள்

தமிழ் பைபிளுக்கு நீண்ட வரலாறு உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்ட புதிய ஏற்பாடு 1715இல் முழுமையாயிற்று. பிறகு பெப்ரிசியஸ், ரேனியஸ், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்ட பெர்சிவல், 1871இல் ஹென்றி பவர் தலைமையிலான குழு என்று தொடர்ந்து, கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு 1995இல் வந்தது. இத்தனை கைகள் பட்டதால் சொற்களும் மாறிக்கொண்டே வந்தன. இறைவனுக்குத் தொடக்கத்தில் சர்வேசுரன், பெப்ரிசியஸிடம் பராபரன், பவர் குழுவிடம் தேவன், 1995இல் கடவுள். யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் பவர் குழுவுக்கு 'வார்த்தை', பொது மொழிபெயர்ப்புக்கு 'வாக்கு'. சங்கீதம் இங்கே திருப்பாடல் ஆகிவிட்டது. ஒரு மொழிபெயர்ப்பின் சொல்லைக் கொண்டு இன்னொன்றில் தேடினால், பூஜ்யம் என்று விடை வரும்.

இரண்டாவது சங்கடம் எழுத்துரு. தொண்ணூறுகளில் ஆளுக்கொரு தமிழ் எழுத்துரு வைத்திருந்தார்கள். ஒருவர் அடித்ததை இன்னொருவர் திறந்தால் கறையான் அரித்த ஓலை மாதிரி இருக்கும். 1999இல் சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்று தரம் வகுத்தது. 2010இல் ஒருங்குறியை ஏற்றது. அதன்பிறகும் சில்லறைத் தகராறுகள் உண்டு. ஸ்ரீரங்கம் என்ற நம் ஊர்ப் பெயரில் இருக்கும் 'ஸ்ரீ'யையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டருக்குள் அதை இரண்டு விதமாக எழுதிவைக்க முடியும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒன்றைக் கொண்டு தேடினால் மற்றது அகப்படாமல் போகலாம்.

மூன்றாவது, நம் இலக்கணம். 'வீடு' என்று தேடினால் 'வீட்டில்' வராது. 'மரம்' என்று தேடினால் 'மரத்தை' வராது. 'தேவன்' என்று கொடுத்தால் 'தேவனுடைய' வராமல் போகும், ஏனென்றால் கடைசி எழுத்தின் புள்ளி அங்கே இல்லை. இதற்கு ஒரு சின்ன உபாயம் உண்டு. கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு 'தேவன' என்று மட்டும் கொடுங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் தேவன், தேவனை, தேவனுக்கு எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

இத்தனை சங்கடத்துக்கு நடுவே தமிழ் தலைநிமிரும் இடமும் இருக்கிறது. யோவான் நற்செய்தி 21ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசு பேதுருவிடம் தன்மேல் அன்பு உண்டா என்று மூன்று முறை கேட்கிறார். நான் படித்த பிரெஞ்சு பைபிளில் கேள்விக்கும் பதிலுக்கும் ஒரே வினைச்சொல்தான். பழைய ஆங்கிலத்திலும் அப்படியே. மென்பொருளில் ஸ்ட்ராங் எண்ணைத் தட்டினால் கிரேக்க மூலத்தில் இரண்டு சொற்கள் இருப்பது தெரிகிறது. ஒன்றின் எண் 25, மற்றதன் எண் 5368. பவர் குழுவின் தமிழைத் திறந்தேன். முதல் இரண்டு கேள்விகளில் 'அன்பு', பேதுருவின் பதிலில் 'நேசம்', மூன்றாவது கேள்வியில் கேட்பவரும் 'நேச'த்துக்கு இறங்கிவருகிறார். பிரெஞ்சும் ஆங்கிலமும் காட்டாத வேறுபாட்டைத் தமிழ் காட்டியிருக்கிறது. அந்த இரண்டு சொற்களுக்கும் உண்மையிலேயே பொருள் வேறா, அல்லது எழுதியவர் மாற்றி மாற்றிப் போட்டாரா என்பதில் அறிஞர்கள் ஒருமனப்படவில்லை. மென்பொருள் இரண்டு எண் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். தீர்ப்பு அதன் வேலை அல்ல.

22ஆம் சங்கீதம்

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், ஒரு குடும்பம் இந்த எண் விவகாரத்தில் தூக்கம் இழந்ததைப் பார்த்தேன்.

என்னோடு காரைக்காலில் பிரெஞ்சு படித்த நண்பர் ஒருவர், கத்தோலிக்கர், பாலக்கரையில் குடியிருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் நோயில் படுத்துக் காலமானார். கடைசி நாட்களில் தன் நோட்டில் பிரெஞ்சில் ஒரு வரி எழுதியிருந்தார்: கல்லறையில் பெயருக்குக் கீழே 'ப்சோம் 22' என்று போடவும். ப்சோம் என்றால் சங்கீதம்.

முப்பதாம் நாள் பூசைக்கு முன் கல் வெட்டக் கொடுக்க வேண்டும். மகன் செல்போனில் இருந்த தமிழ் பைபிளில் 22ஆம் சங்கீதத்தைத் திறந்தான். அது கடவுளால் கைவிடப்பட்டவனின் புலம்பல். சிலுவையில் இயேசு சொன்னதாக நற்செய்தியில் வரும் வாக்கு அதன் முதல் வரிதான். பையன் ஆடிப்போய்விட்டான். என் வீட்டுக்கு நோட்டோடு வந்தான்.

"மாமா, அப்பா கடைசியிலே சாமி தன்னைக் கைவிட்டுட்டார்னு நெனைச்சிட்டாரா? அம்மாகிட்ட படிச்சுக் காட்டிட்டேன். ரெண்டு நாளா அவங்க சரியா சாப்பிடலை."

"தம்பி, உட்காரு," என்றேன். "உங்கப்பா எழுதினது பிரெஞ்சு. நீ திறந்தது தமிழ். நம்பரு ரெண்டும் ஒண்ணு இல்லை."

விஷயம் இதுதான். சங்கீதங்கள் மொத்தம் 150. எபிரேய மூலத்தில் ஒன்பதும் பத்தும் தனித்தனி. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அவை இரண்டும் ஒன்று. அதனால் அங்கிருந்து எண் ஒன்று குறைந்துகொண்டே வரும். பின்னால் 114, 115 இரண்டையும் சேர்த்து, 116ஐ இரண்டாக்கி, 147ஐயும் இரண்டாக்கி, கடைசியில் இரு கணக்கும் 150இல் வந்து ஒன்றாகும். லத்தீன் வுல்காத்தா கிரேக்கக் கணக்கைப் பின்பற்றியது. பிரெஞ்சுக் கத்தோலிக்க வழிபாட்டுப் புத்தகங்களில் இன்றும் அந்த எண்தான். தமிழில் பவர் குழுவின் பைபிளும் 1995 மொழிபெயர்ப்பும் எபிரேய எண்ணைக் கொண்டவை. நண்பர் எழுதிய 22, தமிழில் 23. இறைவனை மேய்ப்பனாகப் பாடும் சங்கீதம். இருண்ட பள்ளத்தாக்கில் நடந்தாலும் பயமில்லை என்ற நம்பிக்கையைச் சொல்வது. உலகத்தில் எத்தனையோ பேர் கடைசி நேரத்தில் நாடும் பாட்டு.

வாயால் சொன்னால் போதாது என்று, கம்ப்யூட்டரில் லத்தீன் வுல்காத்தாவையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து காட்டினேன். வீட்டிலிருந்த அப்பாவின் பழைய பிரெஞ்சு ஜெபப் புத்தகத்தையும் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அன்று மாலையே போன் வந்தது. அந்தப் புத்தகத்தில் 22 என்ற எண்ணுக்குக் கீழே மேய்ப்பனின் பாட்டுதான் இருக்கிறது என்றான். பின்னால் அவன் அம்மா போனை வாங்கி, "அண்ணே, நல்லா இருங்க" என்று மட்டும் சொன்னார். கல்லில் 22, 23 இரண்டு எண்ணும் வெட்டப்பட்டிருக்கின்றன.

செல்போன் தப்பு செய்யவில்லை. 22 கேட்டதற்கு 22ஐக் கொடுத்தது. கேட்டவர் எந்தக் கணக்கில் கேட்கிறார் என்று அதற்குத் தெரியாது.

இல்லை என்று எழுதும் முன்

பதிவறையில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வேறுபாடு நன்றாகத் தெரியும். 'கோப்பு கிடைக்கவில்லை' என்பது வேறு, 'கோப்பு இல்லை' என்பது வேறு. முதலாவது தேடியவனைப் பற்றிய செய்தி. இரண்டாவது கோப்பைப் பற்றிய தீர்ப்பு. அவசரத்தில் இரண்டாவதை எழுதிவிட்டால் ஒருவரின் பென்ஷன் நிற்கும், இன்னொருவரின் பட்டா போகும். பழைய காகிதத்தில் திரிசிரபுரம் என்று இருப்பதைத் திருச்சிராப்பள்ளி என்று தேடினால் எப்படி அகப்படும்?

நாலாயிரத்தில் 'ஸ்ரீரங்கம்' என்று தேடிப்பாருங்கள். ஆழ்வார்கள் பாடியது அரங்கம், திருவரங்கம் என்றுதான். அதனால் அவர்கள் நம் ஊரைப் பாடவில்லை என்று யாராவது சொன்னால் சித்திரை வீதியில் நடமாட முடியுமா? பைபிளும் அப்படித்தான். சீர்திருத்த சபையாரின் பைபிளில் 66 நூல்கள், கத்தோலிக்கரின் பைபிளில் 73. 66 நூல் உள்ள மென்பொருளில் தோபித்துவையோ மக்கபேயரையோ தேடிவிட்டு, பைபிளிலேயே இல்லை என்று சாதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த மொழிபெயர்ப்பு, எத்தனை நூல், எந்த எண் கணக்கு, எந்தச் சொல் என்ற நான்கையும் கேட்ட பிறகுதான் 'இல்லை' என்று வாய் திறக்க வேண்டும். பூசா பாதிரியாருக்குப் பெரிய சொல்லில் கிடைக்காதது சின்னச் சொல்லில் கிடைத்ததையும் மறக்கக் கூடாது.

எழுபது தாண்டியவர்களுக்கு இந்த மென்பொருள்கள் பெரிய உபகாரம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எழுத்தை விரலால் பெரிதாக்கலாம். கண் புரை அறுவை செய்துகொண்டவர்கள் படிக்கச் சொல்லிக் காதால் கேட்கலாம். தமிழையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பேரப் பிள்ளையிடம் சொன்னால் பத்து நிமிடத்தில் போனில் ஏற்றிக் கொடுத்துவிடுவான். பிடித்த இடத்தைக் குறித்துவைக்கும்போது மட்டும் எண்ணோடு நிறுத்தாதீர்கள். எந்தப் புத்தகம், எந்த மொழிபெயர்ப்பு என்று எழுதி, முதல் இரண்டு சொற்களையும் கூடவே எழுதிவையுங்கள். பின்னால் அதைப் படிக்கப்போவது நாமாக இருக்காது.